புராணப் பெயர்களும் ஓப்பன் கேம் லைசென்ஸும்: எது பொது, எது தனியார் சொத்து

நண்பர் ஒருவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளைக் கொண்டு ஒரு சாகச நூல் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் ராட்சசர், நாகர், யாளி, பழையனூர் நீலி எல்லாரும் வருகிறார்கள். கிரேக்கப் பாதாளமான ஹேடீஸுக்குப் போகும் வாசல் ஒன்றும் உண்டு. இதே மாதிரி வேறொரு விளையாட்டு நூலின் கடைசிப் பக்கத்தில் "இந்நூலில் வரும் எல்லாப் பெயர்களும் எங்கள் பிராடக்ட் ஐடென்டிட்டி", அதாவது எங்களுக்கென்று ஒதுக்கியவை, என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவருக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த நூலிலும் நாகர் இருக்கிறார்கள். "இனி நான் நாகர் என்று எழுதக்கூடாதா? என் நூலிலும் இதே மாதிரி ஒரு வரி போட்டுக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நாகர் என்று தாராளமாக எழுதுங்கள். அந்த வரியை உங்கள் நூலில் அப்படியே போடாதீர்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் காரணம் பதிப்புரிமைச் சட்டத்தில் மட்டும் இல்லை. நீங்கள் எந்த உரிமத்தின் கீழ் நூலை வெளியிடுகிறீர்கள் என்பதிலும் இருக்கிறது. பலர் சறுக்குவது அங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இதில் குழப்பம் குறைவு. தனிப் பெயருக்கோ சிறு சொற்றொடருக்கோ பதிப்புரிமை கிடையாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் எழுதப்பட்ட விதி. விளையாட்டின் முறைக்கும் பதிப்புரிமை கிடையாது; அந்த முறையை விளக்கும் எழுத்துக்குத்தான் உண்டு. இந்தியாவில் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் கதைப் பொருளுக்கும் வரலாற்று, புராணச் செய்திகளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வர்த்தக முத்திரையிலும் இதே போக்கைப் பார்க்கலாம். 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்கு முத்திரையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை எந்தப் பொருளுக்கும் ஒருவர் தனக்கு மட்டும் என்று உரிமை கொண்டாட முடியாது என 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நாகரையோ ராட்சசரையோ யாரும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் ஒரே பெயருக்குள் பல அடுக்குகள் இருக்கும். அதற்கு ராட்சசனைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வால்மீகியிலும் கம்பனிலும் வரும் அரக்கர்கள் நினைத்த உருவம் எடுப்பவர்கள். மாரீசன் பொன்மானாக வருகிறான். கம்பனில் சூர்ப்பணகை அழகிய பெண்ணாக வருகிறாள். இது முதல் அடுக்கு, எவருக்கும் பொது. இரண்டாம் அடுக்கு, 1977-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் வரும் ராட்சசன். புலித்தலை, செல்வந்தனின் உடை, மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவு. இந்த அம்பு எந்த ராமாயணத்திலும் கிடையாது. ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து விளையாட்டுக்குள் வந்தது. மூன்றாம் அடுக்கு, அந்த விளையாட்டைப் பிற்பாடு வாங்கிய நிறுவனம் திறந்துவிட்ட பகுதி. எஸ்.ஆர்.டி. என்று அழைக்கப்படும் விதித் தொகுப்பில் ராட்சசனின் விளையாட்டுக் குறிப்பு முழுமையாக இருக்கிறது. மனிதனுக்குப் புறங்கை இருக்கும் இடத்தில் இவனுக்கு உள்ளங்கை இருக்கும் என்ற வரிகூட 3.5 பதிப்பின் எஸ்.ஆர்.டி.யில் உண்டு. உரிம நிபந்தனையை மதித்தால் இதையும் நீங்கள் எடுத்தாளலாம். நான்காம் அடுக்கு ஓவியங்கள், அந்த உலகின் கதைகள், அங்கே வாழும் குறிப்பிட்ட ராட்சசர்களின் வரலாறு. இவை நிறுவனத்துடையவை, தொடக்கூடாது.

ஆக, "ராட்சசன் என்று எழுதலாமா" என்ற கேள்விக்கு விடை 'ஆம்'. "புலித்தலையும் புகைக்குழாயுமாக அந்தப் பழைய படத்தைப் பார்த்து வரையலாமா" என்ற கேள்விக்கு விடை 'கூடாது'. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வட ஐரோப்பாவின் தோரும் இப்படித்தான். பழைய ஐஸ்லாந்துக் கதைகளின் தோர் செந்தாடிக்காரன். இரண்டு ஆடுகள் இழுக்கும் தேரில் போகிறவன். 1962-இல் மார்வெல் அறிமுகப்படுத்திய தோர் மழித்த முகமும் பொன்னிற முடியுமாக வந்தான். பெயரும் சுத்தியலும் பொது. அந்தத் தோற்றம் மார்வெலுடையது. கிரேக்கக் கதைகளில் கார்கன் என்றால் பாம்புக் கூந்தல் பெண். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கார்கன் இரும்புத் தகடு போர்த்த எருது. உங்கள் நூலில் கார்கன் எருதாக வந்தால், நீங்கள் ஹோமரிடமிருந்து எடுக்கவில்லை என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த எருதும் எஸ்.ஆர்.டி.யில் இருப்பதால் இங்கே ஆபத்து இல்லை. ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியாமலே எடுப்பது நல்ல பழக்கம் அல்ல.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1974-இல் வெளிவந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஹாபிட், என்ட், பால்ராக் என்ற மூன்று உயிரினங்களும் இருந்தன. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கியனின் படைப்புகளுக்கு உரிமை பெற்றவர்கள் ஆட்சேபித்ததும் அவை ஹாஃப்லிங், டிரென்ட், பேலர் என்று மாறின. ஆர்க் என்ற உயிரினம் மட்டும் அப்படியே நின்றது. 'என்ட்' பழைய ஆங்கிலத்தில் அரக்கனைக் குறித்த சொல்தான். ஆனால் நடக்கும் மரமாக அதை ஆக்கியவர் டோல்கியன். பழைய சொல் என்பது மட்டும் காப்பாற்றாது. அந்தச் சொல்லோடு சேர்த்து நீங்கள் எந்த உருவத்தை எடுக்கிறீர்கள் என்பதைத்தான் எதிர்த்தரப்பு பார்க்கும்.

இனி உரிமத்துக்கு வருவோம்.

ஓப்பன் கேம் லைசென்ஸ் என்கிற ஓ.ஜி.எல்., 2000-ஆம் ஆண்டில், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. இன்றும் புழங்குவது அதன் 1.0ஏ வடிவம். அது ஒரு நூலின் உள்ளடக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று 'ஓப்பன் கேம் கன்டென்ட்', அதாவது யாரும் எடுத்தாளக்கூடிய திறந்த பகுதி. மற்றொன்று 'பிராடக்ட் ஐடென்டிட்டி', வெளியிட்டவர் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் பகுதி. பாத்திரப் பெயர்கள், இடங்கள், உயிரினங்கள், கதைகள், ஓவியங்கள் என்று இந்த இரண்டாவதன் வரையறை மிக நீளம்.

கவனிக்க வேண்டியது ஏழாம் பிரிவு. தனி ஒப்பந்தம் மூலம் வெளிப்படையான அனுமதி பெற்றிருந்தாலன்றி, எந்தப் பிராடக்ட் ஐடென்டிட்டியையும் பயன்படுத்த மாட்டேன் என்று உரிமத்தை ஏற்பவர் அதில் ஒப்புக்கொள்கிறார். தன் நூல் இன்ன விளையாட்டோடு பொருந்தும் என்று சொல்வதற்குக்கூட அந்தப் பெயரை எழுதக்கூடாது. சட்டம் உங்களுக்குத் தடையில்லாமல் கொடுத்திருக்கும் சில உரிமைகளை, இந்த ஒப்பந்தத்தில் நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். ஊர்ப் பொதுக்கிணற்றில் இன்ன பக்கம் நீர் இறைக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது போன்றது இது. கிணறு பொதுவாகவே இருக்கும். எழுதிக்கொடுத்தவரின் கைதான் கட்டப்படும்.

அப்படியானால் ஒருவர் "நாகர்" என்பதைத் தன் ஐடென்டிட்டியாக அறிவித்துவிட்டால், ஓ.ஜி.எல்.லில் கையெழுத்திட்ட மற்ற எல்லாரும் நாகரை விட்டுவிட வேண்டுமா? இதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் இப்படிப் படிக்கிறேன்: பிராடக்ட் ஐடென்டிட்டியை அறிவிக்க வேண்டியவர் 'அதன் உரிமையாளர்' என்று வரையறையே சொல்கிறது. நாகர் என்ற பெயருக்கு உரிமையாளர் எவரும் இல்லை. இல்லாத உரிமையாளர் எதை அறிவிக்க முடியும்? மேலும், ஏற்கெனவே திறந்த பகுதியாக வெளிவந்தது பிராடக்ட் ஐடென்டிட்டியில் சேராது என்றும் அதே வரையறை சொல்கிறது. நாகம் எஸ்.ஆர்.டி.யில் பல ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. எனவே "எல்லாப் பெயர்களும் எங்களுடையவை" என்று யாராவது அச்சிட்டால், அவர்களே கற்பனை செய்த பெயர்களுக்கு மட்டுமே அது செல்லும். உங்களைக் கலங்கடித்த வரி அந்த அளவுக்குத்தான் பலம் கொண்டது.

விசார்ட்ஸ் நிறுவனத்தின் சொந்தப் பட்டியலைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதில் பிகோல்டர், மைண்ட் ஃபிளேயர், டிஸ்பிளேசர் பீஸ்ட், கித்யாங்கி, யுவான்-டி, அம்பர் ஹல்க் போன்ற உயிரினங்கள் தனிப் பெயர்களாகவே இருக்கின்றன. புராண உலகங்கள் வரும் இடத்தில் எழுத்து நடை மாறுகிறது: 'கிரே வேஸ்ட் ஆஃப் ஹேடீஸ்', 'விண்ட்ஸ்வெப்ட் டெப்த்ஸ் ஆஃப் பேண்டமோனியம்', 'பிளெஸ்டு ஃபீல்ட்ஸ் ஆஃப் எலிசியம்', 'கிளாக்வொர்க் நிர்வாணா ஆஃப் மெக்கானஸ்'. ஹேடீஸ் கிரேக்கருடையது, பேண்டமோனியம் 1667-இல் மில்டன் உருவாக்கிய பெயர், நிர்வாணம் எங்கிருந்து போனது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொற்களைத் தனியாகப் பிடித்துக்கொள்ளாமல், தாங்கள் கோத்த முழுச் சொற்றொடரை மட்டுமே நிறுவனம் ஒதுக்கிக்கொண்டது. அது மட்டுமல்ல, ஐந்தாம் பதிப்புக்கான எஸ்.ஆர்.டி. 5.1-இன் பின்னிணைப்பில் கெல்டிக், கிரேக்க, எகிப்திய, நார்ஸ் தெய்வங்களின் பட்டியல் திறந்த பகுதியாக இருக்கிறது. பாதாளத்தின் தெய்வமாக ஹேடீஸ் அதில் உட்கார்ந்திருக்கிறார். எனவே உங்கள் பாதாள வாசலுக்கு 'ஹேடீஸ்' என்று பெயரிடுங்கள். 'சாம்பல் பாழ்வெளி' என்று அந்த நிறுவனத்தின் வருணனையை மட்டும் தமிழாக்கி ஒட்டாதீர்கள். பாம்பு மனிதர்கள் வேண்டுமென்றால் நாகர் இருக்கிறார்கள், யுவான்-டி வேண்டாம்.

இந்த நிறுவனம் செய்த எல்லாவற்றையும் நான் ஆதரிப்பவன் அல்லன். 2023 ஜனவரியில் பழைய ஓ.ஜி.எல்.லைச் செல்லாததாக்கும் புதிய வரைவு ஒன்று கசிந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை நம்பித் தொழில் செய்த சிறு பதிப்பாளர்கள் பட்ட பாடு நியாயமே இல்லாதது. எதிர்ப்பு வலுத்ததால் அந்த மாதம் 27-ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கியது. பின்வாங்கியதோடு நிற்காமல் எஸ்.ஆர்.டி. 5.1 முழுவதையும், மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் எடுத்தாளலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 உரிமத்தில் வெளியிட்டது. திருத்திய விதிகளுக்கான 5.2-உம் 2025-இல் அதே உரிமத்தில் வந்தது.

உங்களுக்கு இதுதான் நல்ல செய்தி. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் எட்டாம் பிரிவு, அனுமதியே இல்லாமல் சட்டப்படி நீங்கள் செய்யக்கூடிய எதையும் இந்த உரிமம் குறைக்காது, கட்டுப்படுத்தாது, நிபந்தனை விதிக்காது என்று சொல்கிறது. ஓ.ஜி.எல்.லின் ஏழாம் பிரிவுக்கு நேர் எதிர். இதில் பிராடக்ட் ஐடென்டிட்டி என்ற பேச்சே இல்லை. சொன்னபடி நன்றிக் குறிப்பை அச்சிட வேண்டும், 'ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்' என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். உங்கள் சொந்த எழுத்தைத் திறந்துவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. புராணப் பொருளை வைத்து ஐந்தாம் பதிப்புக்குப் புதிதாக எழுதுகிறவர் எவரானாலும் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

ஓ.ஜி.எல். எப்போது தவிர்க்க முடியாததாகும் என்றால், 2000-க்குப் பிறகு வேறு பதிப்பாளர்கள் அந்த உரிமத்தில் மட்டுமே திறந்துவிட்ட ஒரு பொருளை நீங்கள் எடுக்கும்போது. அப்படி எடுத்தால் பதினைந்தாம் பிரிவில் அந்த நூலின் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க வேண்டும், ஏழாம் பிரிவும் உங்களைக் கட்டும். ஒரே ஒரு பூதத்தின் குறிப்புக்காக அதை ஏற்பதைவிட, புராணத்தை நேரே படித்து அந்தப் பூதத்தை நீங்களே எழுதிவிடலாம். இரண்டு உரிமங்களையும் ஒரே நூலில் கலந்தால் கடுமையான நிபந்தனைதான் மிஞ்சும்.

பைசோ என்ற விளையாட்டு நிறுவனம் ஓ.ஜி.எல்.லுக்கு மாற்றாக 2023-இல் கொண்டுவந்த ஆர்க் (ORC) உரிமம் மூன்றாவது வழி. பைசோவின் பாத்ஃபைண்டர் விளையாட்டின் விதிகளுக்கு எழுதுகிறவர்களுக்கு அது வேண்டும். உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆனால் அந்த மாற்றத்தின்போது பைசோ எடுத்த ஒரு முடிவு நம் பேச்சுக்குப் பொருத்தமானது. டிரௌ என்கிற பெயர் ஸ்காட்லாந்தின் வடதீவுகளில் நிலத்தடியில் வாழும் குட்டிப் பூதங்களுக்கு வழங்கிய நாட்டார் பெயர். ஆனால் கருந்தோலும் வெண்முடியும் கொண்ட பாதாள எல்ஃப் என்ற உருவம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பிறந்தது. ஓ.ஜி.எல்.லை விட்டு வெளியேறியதும் பைசோ தன் உலகத்திலிருந்து டிரௌக்களையே எடுத்துவிட்டது. பெயர் பொதுதானே என்று வாதாடாமல், தாங்கள் பயன்படுத்தியது எந்த உருவத்தை என்று பார்த்து முடிவெடுத்தார்கள். அதுதான் சரியான கணக்கு.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை அலுப்பானது, ஆனால் ஒரு முறை செய்தால் போதும். நூலில் வரும் ஒவ்வொரு புராணப் பெயருக்கும் எதிரே, அதை எந்த மூலத்திலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். மகாபாரத நாகர்களுக்கு ஆங்கில மூலம் வேண்டுமென்றால் 1883 முதல் 1896 வரை வெளிவந்த கிசாரி மோகன் கங்குலியின் மொழிபெயர்ப்பு பதிப்புரிமை முடிந்தது; வரிகளைக்கூட மேற்கோள் காட்டலாம். அண்மைக் கால மொழிபெயர்ப்புகளும் மறுகூறல்களும் அப்படியல்ல. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். மறுகூறுபவர் சேர்த்த ஒரு கிளைக்கதையை மூலக்கதை என்று நினைத்து எடுத்துவிடுவதுதான் நம்மவர்கள் அதிகம் விழும் குழி. சிறு வயதில் படக்கதையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் பார்த்தது மூலத்தில் இருப்பதாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் மூலத்தைத் திறந்து பாருங்கள். யாளிக்குக் கோயில் தூணே மூலம். நேரில் போய் நீங்கள் வரைந்தால் அது உங்கள் ஓவியம். இன்னொருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அச்சாக வரைந்தால், தூண் பழையது என்பதால் புகைப்படக்காரரின் உரிமை போய்விடாது.

நூலின் தலைப்பு தனி விஷயம். உள்ளே நாகர் என்று எழுதுவது வேறு, அட்டையில் நூலின் பெயராகப் பெரிதாகப் போடுவது வேறு. இரண்டாவதில் வர்த்தக முத்திரைச் சட்டம் வரும். முத்திரைப் பதிவேட்டில் விளையாட்டுகளுக்கான 28-ஆம் வகுப்பையும் அச்சு நூல்களுக்கான 16-ஆம் வகுப்பையும் தேடிப் பார்த்துவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: நீங்களும் அந்த வரியைப் போட வேண்டுமா? கிரியேட்டிவ் காமன்ஸ் வழியில் போனால் தேவையே இல்லை. ஓ.ஜி.எல்.தான் என்று முடிவெடுத்தால், எது திறந்த பகுதி என்று தெளிவாகக் காட்ட வேண்டியது எட்டாம் பிரிவின்படி கட்டாயம். எதை ஒதுக்கிக்கொள்கிறீர்கள் என்பதையும் அதே தெளிவோடு சொல்லுங்கள். உங்கள் நூலில் வரும் நீலியையே எடுத்துக்கொள்வோம். வணிகனைப் பழிவாங்கிய பழையனூர் நீலியின் கதைச் சாயல் சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இருக்கிறது. அவள் எல்லாருக்கும் சொந்தம். அவளிடமிருந்து நீங்கள் 'ஏழுகண் நீலி' என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அவளுக்கு ஒரு மலைக்கோட்டையும் ஒரு சாபமும் கொடுத்தால், அது உங்களுடையது. அப்போது இப்படி எழுதலாம்:

"ஏழுகண் நீலி என்னும் பாத்திரம், அவளது வரலாறு, மலைக்கோட்டையின் பெயரும் வருணனையும், நூலிலுள்ள எல்லா ஓவியங்களும் பிராடக்ட் ஐடென்டிட்டி. நீலி, யாளி, நாகர், ராட்சசர் உள்ளிட்ட புராண, நாட்டார் வழக்குப் பெயர்கள் இதில் சேரா. உயிரினங்களின் விளையாட்டுக் குறிப்புகள் அனைத்தும் ஓப்பன் கேம் கன்டென்ட்."

இரண்டாவது வாக்கியத்தை நான் வற்புறுத்துவேன். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் நாளை இன்னொரு இளைஞர் தன் ஊர் நீலியை விளையாட்டில் கொண்டுவர நினைக்கும்போது, உங்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்து உங்களைப் போலவே பயந்து நிறுத்திவிடக்கூடாது. பொதுவில் கிடந்ததை எடுத்துக் கட்டியவர், அந்த வழியை அடுத்தவருக்கும் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர் என்றே நான் கருதுகிறேன்.

வழிபாட்டில் இருக்கும் தெய்வங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 1980-இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலில் இந்திரன், காளி, யமன் எல்லாருக்கும் உயிர்ப் புள்ளி எண் கொடுத்து, அடித்துக் கொல்லக்கூடிய எதிரிகளாக்கினார்கள். பதிப்புரிமை அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் இன்றும் கோயில் கொண்டிருக்கும் தெய்வத்துக்கு நான் எண் கொடுக்க மாட்டேன். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய குற்றவியல் பிரிவு இந்தியாவில் நடைமுறையில் இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கதைக்கே அது தேவையில்லை. தெய்வம் வரம் தரட்டும், சோதிக்கட்டும், மௌனமாக இருக்கட்டும். வாளோடு மோத யாளியும் ராட்சசனும் போதும்.

முன்னோட்டப் பிரதிகள் சிலவற்றை ஏற்கெனவே ஓ.ஜி.எல். பக்கத்தோடு கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதில் யுவான்-டி போன்ற பெயர் ஏதும் தவறி நுழைந்திருந்தால் பதற வேண்டாம். பதின்மூன்றாம் பிரிவின்படி, மீறல் தெரியவந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் முறியாது. கோப்பைத் திருத்திப் புதிய பிரதியை அனுப்புங்கள், பழையதைப் பகிர்வதை நிறுத்துங்கள், திருத்திய தேதியைக் குறித்து வையுங்கள். விற்பனைக்குப் போகும் முன் உரிமப் பக்கத்தையும் மூலப் பட்டியலையும் அறிவுசார் சொத்துரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பட்டியல் கையில் இருந்தால் அவருக்கும் வேலை எளிது.